சூடு கூடுதோ, சேருதோ?

இடைக்காலத் தத்துவம் படிப்பிப்பது என்றால், எழுநூறு வருடப் பழைய குழப்பத்தை வாங்கிப் பிள்ளைகளுக்குப் பங்கிடுகிற வேலை. உங்கள் வேலையும் அப்படித்தான் என்றால் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

ஐரோப்பியத் துறவிகள் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி இது: தண்ணீர் சூடேறும்போது, இருந்த சூட்டோடு புதுச் சூடு சேர்கிறதா, இல்லை, பழைய சூடு போய் வேறொரு சூடு வருகிறதா? ரொறன்ரோவில் இதைப் படிப்பித்துக்கொண்டே ஆய்வும் செய்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது ஒரு கட்சியின் பக்கம் நின்று அத்தியாயத்தை எழுதாவிட்டால் ஆய்வை நிறுத்த வேண்டியதுதான் என்று பேராசிரியை சொல்லிவிட்டார்.

தமிழில் விடை

ஸ்ரௌவ்வில்லில் இருந்து வரும் மாணவி ஒருத்திக்கு ஆங்கிலத்தில் மூன்று தரம் விளக்கியும் ஏறவில்லை. கடைசியில், “சூடு எப்பிடிக் கூடுது?” என்று தமிழில் கேட்டேன். அவள் முகம் மலர்ந்தது.

“மிஸ், ஆக்கள் கூடுறது எண்டால் சேருறதுதானே? அப்ப சூடு கூடுறதும் சேருறதுதான். தமிழ்ல ஆன்சர் ஆல்ரெடி இருக்கு!”

உறைப்பு

அவள் பேச்சை நம்பிப் பத்துப் பக்கம் எழுதினேன். புதன்கிழமை வோபர்ன் சாப்பாட்டுக் கடையில் கணவாய்க் கறியை ருசி பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உறைப்பைக் குறைத்துத் தரச் சொன்னேன். கடைக்கார அண்ணை தேங்காய்ப்பாலை ஊற்றிக் கிண்டினார்.

“போட்ட தூளை ஆர் எடுக்கிறது, தங்கச்சி? உறைப்பு அப்பிடியேதான் இருக்கு. பாலைத்தான் கூட்டினனான்.”

வேலையால் வந்தவர்

குறைப்பதற்கும் கூட்ட வேண்டும் என்றால் என் பத்துப் பக்கம் என்னாவது? வியாழன் மாலை கணவர் ஒஷாவாவில் வேலை முடிந்து வந்தார். துறவிகளின் சண்டை தொடங்கியதே சூட்டில் அல்ல, அன்பில். ஒருவருக்குள் அன்பு எப்படி வளர்கிறது என்பதுதான் முதல் கேள்வி. அதையே அவரிடம் கேட்டேன்.

“இஞ்சேருங்கோ, கலியாணம் கட்டேக்க இருந்த அன்போட புது அன்பு சேர்ந்ததோ, இல்லாட்டி அது போய் வேற வந்ததோ?”

சப்பாத்தைக் கழற்றியவர் அப்படியே நின்றார். “ஆர் என்ன சொன்னது?”

ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, இது அத்தியாயம் என்று அழாக்குறையாகச் சொன்னேன். சப்பாத்தை ஓரமாக வைத்தார்.

“அன்பு அண்டைக்கு இருந்த மாதிரியேதான் இருக்கு. நான்தான் அதுக்குள்ள இன்னும் கூடுதலா இறங்கிட்டன்.”

வெள்ளிக்கிழமை

சூடு மாறாது, தண்ணீர்தான் அதற்குள் இன்னும் இறங்குகிறது என்று துறவிகளில் மூன்றாவது கட்சி ஒன்று சொன்னதும் இதைத்தான்! சந்தோசத்தில் அழுதேன், பிறகு பத்துப் பக்கத்தையும் அழித்தேன். எல்லாக் கட்சிகளையும் எழுதி, எது சரியென்று தெரியவில்லை என்ற உண்மையையும் கடைசியில் எழுதிக் கொடுத்தேன். பேராசிரியை வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இது நீங்கள் போன வருடம் எழுதித் தந்த குழப்பம் வளர்ந்ததா, இல்லை, அது போய்ப் புதுக் குழப்பம் வந்ததா? அதைத் தெளிவாக எழுதிக்கொண்டு வாருங்கள். இன்னும் ஒரு தவணை தருகிறேன்.”

ஆகவே, சக குழப்பவாதிகளே, என் ஆய்வு பிழைத்துவிட்டது. எப்படிப் பிழைத்தது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.