முப்பது எண்ணும் வரை

வலது தோளில் விழும் உதை மூன்றாவது குண்டுக்குப் பிறகு வலிப்பதில்லை. பத்தாவதில் பல்லின் வேரில் பித்தளைச் சுவை ஊறும், மாலையில் சட்டையைக் கழற்றினால் கத்தரிக்காய் நிறத்தில் வீக்கம் தெரியும். பதினாறு வயதில் அதைப் பதக்கம் போல் காட்டித் திரிந்தோம். கண்டியில் எங்கள் பாடசாலையின் கடேற் மாணவர் படைக்கு உலகப் போர்க்காலத்து "த்ரீ நொட் த்ரீ" துவக்குகள் கிடைத்திருந்தன. தெல்தெனியப் பக்கம் மலைச்சரிவை வெட்டிய திடலில் சனிக்கிழமை தோறும் அவற்றால் அட்டை மனிதர்களின் நெஞ்சைக் கிழித்தோம்.

அந்தத் துவக்கில் ஒவ்வொரு குண்டுக்கும் "போல்ட்" என்ற பூட்டைத் தூக்கி இழுத்துத் தள்ளி மடக்க வேண்டும். வேகமாகச் சுடுகிறவன் பெருவிரலையும் சுட்டுவிரலையும் அதன் பிடியிலிருந்து எடுக்கவே மாட்டான். நடுவிரலால் விசையை இழுப்பான். கன்னம் துவக்கின் கட்டையைவிட்டு எழாது. பழகியவனுக்கு நிமிடத்தில் பதினைந்து குண்டு. பழக்கியவர் ஓய்வுபெற்ற சிங்கள சார்ஜன்ட் ஒருவர். "இக்மன்! இக்மன்!" என்று அவசரப்படுத்தியபடி, படுத்திருக்கும் எங்கள் கால்களுக்கிடையில் பிரம்போடு நடப்பார்.

தோட்டாக்களும் துவக்குகளின் வயதுதான். விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால் அது தாமதித்து வெடிக்கக்கூடும்; ஆகவே துவக்கை இலக்கிலிருந்து திருப்பாமல் முப்பது எண்ணி, அதன் பின்னரே போல்ட்டைத் திறக்க வேண்டும். திடலில் ஆங்கிலப் பலகையில் எழுதியிருந்த இந்த விதியைக் காற்புள்ளி பிசகாமல் ஒப்பிப்பேன் என்பதால், கடுகண்ணாவைக் கடைக்காரர் மகன் நிசாம் எனக்கு "கிளாக்கர்", அதாவது கந்தோர் எழுத்தர், என்று பெயர் வைத்தான். எங்களில் வேகமானவன் அவன்தான்.

ஒரு சனிக்கிழமை அவனுடைய தோட்டா வெடிக்கவில்லை. நிசாம் பலகையில் சொன்னபடி முப்பது எண்ணினான். அதற்குள் மற்றவர்கள் சுட்டு முடித்துவிட்டோம். சார்ஜன்ட் அவனை எழுப்பி, வலது கை விரல் முட்டிகளில் பிரம்பு பிளக்கும்வரை அடித்தார்.

"எதிரி முப்பது எண்ணிக்கொண்டு நிற்பானா?" என்று சிங்களத்தில் கேட்டார். இன்னொரு தடவை தாமதித்தால் பாடசாலைகளுக்கிடையிலான சுடும் போட்டி அணியில் அவனுடைய இடம் எனக்கு என்றார். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதை மறைக்கத் துவக்கைத் துடைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை அவனுக்குப் பக்கத்தில் படுத்திருந்தேன். ஆறு குண்டு போயிற்று. ஏழாவதில் "டிக்" என்ற சத்தம் மட்டுந்தான். தோல் உரிந்த அந்தக் கை ஒரு நொடியும் நிற்காமல் போல்ட்டைத் திறந்தது. தோட்டா அவன் முகத்தடியில் வெடித்தது. பித்தளைத் துண்டுகள் வலது கண்ணைத் தோண்டின. பெருவிரலின் மேற்பாதி என் சட்டைக் கையில் ஒட்டியிருந்தது. "வாப்பா... வாப்பா..." என்று அவன் மண்ணில் புரண்டான்.

விசாரணை அதிபரின் அறையில் நடந்தது. விதி என்னவென்று கேட்டார்கள், ஒப்பித்தேன். நிசாமுக்கும் தெரியுமா என்றார்கள், தெரியும் என்றேன். பிரம்பைப் பற்றி எவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சார்ஜன்ட் போயிருப்பார், போட்டி போயிருக்கும். "விதியை அறிந்திருந்தும் மாணவன் மீறினான்" என்று அறிக்கை வந்தது. பின்னர் மாநகரசபையில் முப்பத்தைந்து வருடம் அந்த வகை வாக்கியங்களை எழுதியே சம்பளம் வாங்கினேன். அந்த முதல் வாக்கியத்தின் தரத்தை எட்டியதில்லை. நிசாமின் இடத்தில் நான் போட்டிக்குப் போனேன். ஆறாவதாக வந்தோம்.

அந்தத் திடலை விக்டோரியா நீர்த்தேக்கம் எப்போதோ விழுங்கிவிட்டது. துவக்குகளும் போயின, சார்ஜன்ட் கௌரவமாக இறந்தார். இந்த வருட வறட்சியில் நீர் வற்றிக் குண்டு தாங்கிய மண்மேடு வெளியே தெரிகிறது என்று கேள்விப்பட்டு, நிசாமும் நானும் போனோம். பலகையைக் காணவில்லை. வெடித்த சேற்றின் விளிம்பில் நின்று, ஒற்றைக் கண்ணால் மேட்டைப் பார்த்தபடியே கேட்டான்:

"அன்டைக்கு எனக்கு அடிச்சத நீ ஏன் சொல்லல்ல, கிளாக்கர்?"

அவன் அவசரப்படுத்தவில்லை. பாதிப் பெருவிரலைத் தொடையில் தட்டித் தட்டி, சத்தமாக எண்ணத் தொடங்கினான். இருபதில் ஒரு கொக்கு எழுந்து பறந்தது. முப்பதில் நிறுத்தினான்.

"இப்ப வாயத் தொற," என்றான்.