வெல்லம் தின்றால் போய்விடும் குரல்

மூக்கன் மாமா செத்த பிறகும் சோறு கேட்பதை விடவில்லை.

இருந்தபோதும் அப்படித்தான். மலைமேல் கொட்டச்சேட்டில், எங்கள் காப்பி எஸ்டேட்டின் லைன் வீடுகளில் அவர் வீடும் எங்கள் வீடும் ஒட்டுச் சுவர். மூன்று வேளையும் அவருக்கு ரேஷன் அரிசிச் சோறு தட்டு நிறைய வேண்டும். களி கிண்டினால், "நா என்ன மாடா?" என்று எகிறுவார். சர்க்கரை வியாதி முதலில் அவர் காலை வாங்கியது, பிறகு ஆளையே வாங்கியது. அவர் போன மறுமாதம் அவர் மனைவி சென்னம்மாக்காவுக்கும் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள்.

அக்கா பிடிவாதக்காரி. அரிசியை நிறுத்தினாள். பக்கத்து ஊர் தலைச்சோலையிலிருந்து சாமை வாங்கி, உமியை மட்டும் போக்கி, தவிட்டோடு சோறாக்கினாள். மதியத்துக்கு ராகிக் களி. இனிப்பை நீட்டினால் பாம்பைக் கண்டவள் மாதிரி கையை இழுத்துக்கொள்வாள். மாத்திரையை ஒருநாளும் விட்டதில்லை.

"அவராட்ட நா காலக் குடுக்க மாட்டேங் கண்ணு," என்பாள்.

காப்பிப் பழம் பறிக்கும் காலம். எடை போட நேரமாகி, நானும் அக்காவும் பட்டினியோடு பனிமூட்டத்தில் திரும்பிக்கொண்டிருந்தோம். அக்கா சட்டென்று நின்றாள்.

"ஆச்சுங்க, வந்துருங்க," என்றாள், யாருமில்லாத சில்வர் ஓக் மரத்தைப் பார்த்து.

"யாருகிட்டக்கா பேசறீங்க?"

"மாமாதான். சோறு ஆச்சான்னு கேக்கறாரு."

எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவள் கையைப் பிடித்தேன். நடுங்கியது, அந்தக் குளிரிலும் வேர்வையில் நனைந்திருந்தது.

அதற்குப் பிறகு அவளுக்கு அந்தக் குரல் அடிக்கடி கேட்டது. ஒருநாள் குரல் வந்த பக்கமே நடந்து பள்ளத்தின் விளிம்புக்குப் போய்விட்டாள். முந்தானையைப் பிடித்து இழுத்தேன். இல்லாவிட்டால் அன்றே மாமாவிடம் போயிருப்பாள்.

தனபால் பூசாரி, "ஆசை தீராத ஆளு, படையல் போட்டு அனுப்போணும்," என்றார். அந்த மரத்தடியில் பொரியும் வெல்லமும் வைத்தோம். அங்கேயும் அவளுக்கு நடுக்கம் வந்தது. பூசாரி ஒரு துண்டு வெல்லத்தை அவள் வாயில் போட்டார். கொஞ்ச நேரத்தில் வேர்வை அடங்கியது, கண் தெளிந்தது.

"போயிட்டாரு," என்றாள்.

மூக்கனுக்கு வெல்லத்தின் மேல்தான் ஆசை என்று லைன் முழுக்கப் பேச்சு. நானும் நம்பினேன்.

நம்பாதவர் மாத்திரை கொண்டுவரும் நர்ஸ் மரியபுஷ்பம் ஒருவர்தான். அக்கா நடுங்கிக்கொண்டிருந்த ஒரு மாலையில் வந்தவர், விரலைக் குத்திப் பார்த்துவிட்டு முதலில் வெல்லத்தைக் கொடுத்தார். பிறகுதான் பேசினார்.

"பேயுமில்ல, பிசாசுமில்லீங்க. சர்க்கரை நொம்பக் கீழ எறங்கிருச்சு, அதான் இல்லாத கொரலெல்லாம் கேக்குது. தவிடு போகாத தானியம் மெதுவாச் செரிக்கும், சர்க்கரை சட்டுனு ஏறாது. எல்லார் ஒடம்புக்கும் ஒரே மாதிரி ஒத்துக்காது, உங்களுக்கு நல்லா ஒத்துக்கிட்டிருக்குது. ஆனா அரிசி தின்ன காலத்து மாத்திரையவே முழுசா முழுங்கறீங்களே! சோத்து நேரத்தையும் தவற உடறீங்க. வெல்லத்த மடியிலயே வெச்சுக்கோங்க. நடுக்கம் வந்தா ஒடனே திங்கோணும், இல்லீன்னா ஒருநாளு எந்திரிக்கவே மாட்டீங்க."

டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கினார். குரல் நின்றது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"ஊடு வெறிச்சுனு கெடக்குது கண்ணு," என்றாள்.

தை பிறந்து ஒரு சாயங்காலம். சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு கேட்டது.

"ஆச்சுங்க... சாமைதானுங்க... அரிசி இல்லீங்க..."

ஓடினேன். விளக்குப் போடாத வீட்டில் அக்கா சுவரில் சாய்ந்திருந்தாள். ரவிக்கை வேர்வையில் ஒட்டியிருந்தது. ஆக்கிய சாமைச் சோறு தொடாமல் இருந்தது. பக்கத்தில் மாத்திரை அட்டை. பாதியாக்க வைத்திருந்த பிளேடு துருவேறிக் கிடந்தது. முழு மாத்திரையையே முழுங்கியிருக்கிறாள், தெரிந்தே. வெல்லத்துண்டு கையில் இருந்தது, வாய்க்குப் போகவில்லை.

"அக்கா, தின்னுங்க!"

"இரு கண்ணு. அவரு பேசி முடிச்சரட்டும்."

வெல்லத்தைப் பிடுங்கி அவள் வாயில் திணித்தேன். முகத்தைத் திருப்பினாள்; நான் விடவில்லை. கரையக் கரைய நடுக்கம் நின்றது. கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"தொரத்திட்டயே கண்ணு," என்றாள்.

மாத்திரை அட்டையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். இப்போது தினமும் பாதி மாத்திரையை நான்தான் கொடுக்கிறேன். வாங்கும்போது அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை.