அய்யாவு டிரஸ்ஸர் போட்ட கட்டு

கஞ்சி வாங்கக் கூசுகிறவர்களுக்கு தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் அய்யாவு டிரஸ்ஸர் அதையே மருந்து என்று சொல்லிக் கொடுப்பார். தன் பங்கு அரிசியைக் குழையக் காய்ச்சி, "காலையில ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். பாதியில விட்டா காய்ச்சல் திரும்பிரும்" என்பார். அவர் வீட்டில் வெறும் மரவள்ளிக்கிழங்குதான் வேகிறது என்பது அவரிடம் கஞ்சி வாங்கின மருதம்மாளுக்கே பிறகுதான் தெரிந்தது.

ஜப்பான்காரன் வந்ததும் பீடோங் பக்கத்து அந்த ரப்பர்த் தோட்டத்தை விட்டுத் துரையும் டாக்டரும் ஓடிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் மருந்து தீர்ந்துபோனது. அய்யாவு மட்டும் போகவில்லை. தன் வேட்டிகளைக் கிழித்து, வேகவைத்து, கட்டுத்துணி ஆக்கினார்.

மருதம்மாளின் புருஷன் இருளப்பனுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரியும் புண். நாற்றம் பொறுக்காமல் லயத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அய்யாவு தினமும் உப்புத் தண்ணீரில் கழுவி, அழுகினதைக் கரண்டியால் சுரண்டுவார். மருதம்மாள் சட்டியைப் பிடித்துக்கொள்வாள்.

"கத்துடா மாப்ள, ஜெராய் மலை வரைக்கும் கேக்கட்டும்" என்பார் அவர்.

'புண்ணு ஆறினா அவரை உன் சன்னதியைச் சுத்த வைக்கிறேன் ஆத்தா' என்று மாரியம்மனுக்கு அவள் வேண்டிக்கொண்டாள்.

புண் ஆறியது. அதற்குள் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். போனவன் ஒருத்தனும் திரும்பவில்லை. காலில் புண் இருந்தால் மட்டும் சிப்பாய் விட்டுவிடுவான். அதனால் இருளப்பனின் ஆறின காலுக்கும் இன்னும் சிலரின் நல்ல காலுக்கும் அய்யாவு கட்டுப் போட்டு, மேலே மீன் கழுவின தண்ணீரைத் தெளித்தார்.

"லோரி வந்து போற வரைக்கும் அவுக்காத தாயி."

ஆனால் வெள்ளிக்கிழமை வந்ததும் மருதம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. குணமாக்கினவள் முன்னால் நாறுகிற கட்டோடு போய் நிற்பதா? கட்டை அவிழ்த்து, குளிக்கவைத்து, மஞ்சள் வேட்டி கட்டிக் கோயிலுக்கு அழைத்துப்போனாள். சுற்றி வரும்போது பெரிய கங்காணி எதிரே நின்றான்.

"என்னடா இருளப்பா, ஆத்தா ஒரே ராத்திரியில புதுக் கால் குடுத்துட்டாளா?"

சிரித்துக்கொண்டே போனவன் நேரே ஜப்பான்காரனிடம் போனான்.

மறுநாள் காலை பேர் கூப்பிட்டு ஆள் எண்ணும் பெரட்டில் கட்டுப் போட்டவர்களையெல்லாம் தனியே நிறுத்தி அவிழ்க்கச் சொன்னார்கள். நிஜப் புண் உள்ளவர்கள் தப்பினார்கள். மற்றவர்களை அறைந்து லோரியில் ஏற்றினார்கள். இருளப்பனையும் ஏற்றினார்கள். அய்யாவை மண்டியிட வைத்து, இரண்டு கையையும் கல்மேல் வைக்கச் சொல்லி, துப்பாக்கிக் கட்டையால் விரல்களை இடித்தார்கள். பிறகு அவரையும் லோரியில் தூக்கிப் போட்டார்கள். கங்காணி பேர் கூப்பிடுவதை நிறுத்தவே இல்லை.

மருதம்மாள் லோரியைப் பிடித்துக்கொண்டு கதறினாள். இருளப்பன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்னாலதானே டிரஸ்ஸரய்யா! நான் பாவி!"

அய்யாவு நசுங்கின கைகளை நெஞ்சோடு அணைத்தபடி குனிந்தார்.

"அழாத. இனி புண்ணோட வர்றவங்களுக்கு நீதான் பாக்கணும். கழுவு, கட்டு. ஆனா லோரி வந்துக்கிட்டு இருக்கிற வரைக்கும் எந்தப் புண்ணையும் ஆற மட்டும் விட்டுராத தாயி."