இடுப்பில் கட்டும் மை

நனைத்த தோலுக்கு ஒரு மணம் உண்டு. மழையில் நனைந்த நாய்க்கும் ஊறவைத்த புளிக்கும் நடுவே எங்கோ நிற்கிற அந்த மணம், எனக்கு ஒன்பது வயதான ஓர் இலையுதிர் காலத்தில், லா சப்பலில் தலைக்கு நேரே மெத்ரோ ஓடும் தெருவிலிருந்த எங்கள் ஒற்றை அறை வீட்டை விட்டுப் போகவே இல்லை.

அப்பா கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சப்பாத்துத் திருத்தும் கடையொன்றில் வேலை செய்தார். எழுத்தில் இல்லாத வேலை. வதிவிட அட்டை கிடைக்க வேண்டுமென்றால் 'கொந்த்ரா' என்று பெரியவர்கள் சொன்ன வேலை ஒப்பந்தம் வேண்டும். அது இல்லாவிட்டால் நாங்கள் மூவரும் எந்த நேரமும் பெட்டி கட்ட வேண்டியவர்கள் என்பது எனக்கும் தெரிந்திருந்தது. அப்பாவின் 'பத்ரோன்', அதாவது முதலாளி, ஒருநாள் ஒரு துண்டுத் தோலையும் அவசரமாகக் கிறுக்கிய சிட்டையையும் கொடுத்து, இதைச் சரியாகச் செய்தால் கொந்த்ரா எழுதலாம் என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்குத் தோல் கைவந்திருந்தது, பிரெஞ்சு வரவில்லை. வீட்டின் மொழிபெயர்ப்பாளர் நான்தான். அந்தப் பதவியால் எனக்கு ஏறியிருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆறு 'கார்தூஷ்' வைக்கும் உறை, இடுப்புப் பட்டியில் கொழுவுவதற்கு என்று சிட்டையில் இருந்தது. பிரான்சில் பள்ளிக்கூடம் போன எந்தப் பிள்ளையையும் கேட்டுப் பாருங்கள், கார்தூஷ் என்றால் பேனாவுக்குள் போடும் சின்ன மைக்குழாய் என்றுதான் சொல்லும்.

"பேனைக்குப் போடுற மை அப்பா. ஆறு வைக்க வேணுமாம்."

"இடுப்பிலை மை என்னத்துக்குப் பிள்ளை?"

"பிரெஞ்சுக்காரர் அப்பிடித்தான்."

அப்பாவுக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. நாய்க்குச் சட்டை போட்டு நடத்திச் செல்லும் ஊரில், மனிதர் இடுப்பில் மை கட்டுவதா பெரிய விஷயம்! ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சாப்பாட்டு மேசையில் இருந்து, தோல்பட்டியை நனைத்து, அடித்தோலில் போட்ட கீறல்களுக்குள் நுழைத்து வளையம் வளையமாக எடுத்து, காயும்போது உருவம் பிடிக்கட்டும் என்று ஒவ்வொன்றுக்குள்ளும் என் மைக்குழாய் ஒன்றைச் செருகி, மெழுகிட்ட நூலில் இரண்டு ஊசி கோத்துத் தைத்தார். அத்தனை அழகான பொருளை அதற்கு முன் எங்கள் வீட்டில் நான் கண்டதில்லை.

திங்கட்கிழமை பத்ரோன் அதைப் பார்த்துக் கண்ணீர் வரச் சிரித்தாராம். அவர் வேட்டைக்காரர். அப்பா வீட்டுக்கு வந்து சட்டைப் பையிலிருந்து, அளவுக்கென்று அவர் கொடுத்துவிட்ட ஆறு பித்தளைக் கோதுகளை மேசையில் வைத்து, "ரவை" என்றார். நான் குசினித் தட்டைத் திரும்பிப் பார்த்தேன். ரவை என்றால் எனக்கு உப்புமா; அப்பா சொன்னது துப்பாக்கிக் குண்டு. தலைக்கனம் பிடித்த மொழிபெயர்ப்பாளர் ஒரே நாளில் இரண்டு மொழியிலும் கோட்டை விட்டாள்.

அம்மா அடுப்பை அணைத்தார்.

"உதை முதல் வெளியிலை வையுங்கோ."

"வெறுங்கோதுதானே. காட்டுப் பண்டி சுடுறவையாம். மிச்ச ரவையைக் கொண்டு போறதுக்குத்தான் உறை."

"துவக்குக்குத் தெரியுமே பண்டி ஆர், மனிசர் ஆர் எண்டு?"

அப்பா கோதுகளைப் படிக்கட்டில் கொண்டுபோய் வைத்தார். எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. படிக்கு நழுவிப் போய், கோதின் வயிறு பருத்தும் வாய் ஒடுங்கியும் இருப்பது ஏன், அடியில் யார் குத்திய பள்ளம், உள்ளே இருந்தது எங்கே போயிற்று என்று ஒவ்வொன்றாக எடுத்து மணந்து பார்த்து, கடைசியில் ஒன்றை உதட்டில் வைத்து ஊதினேன். நல்ல கூரான விசில். கதவு திறந்தது. அடி விழப்போகிறது என்று தோளை ஒடுக்கினேன். அம்மா கோதை வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் படியில் இருந்தார்.

"தம்பியும் கோது பொறுக்கி இப்பிடித்தான் ஊதிக்கொண்டு திரிஞ்சவன்."

ஊரில் நடந்த போரில் இறந்து, மாலை போட்ட படத்தில் மட்டுமே நான் அறிந்த மாமா அவர். விசில் ஊதுகிற அளவுக்குச் சின்னவராகவும் அவர் இருந்தார் என்பது அன்றுதான் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது.

"இந்த வேலை வேண்டாமெண்டால் விடுவம்," என்று வாசலில் நின்று அப்பா சொன்னார். அம்மா உள்ளே போய், மர அகப்பையை எடுத்து நீட்டினார்.

"இதின்ரை காம்பும் அந்தக் கோதின்ரை தடிப்புத்தான். இதை வைச்சுச் செய்யுங்கோ. கடதாசி வேணுமெல்லே."

அகப்பைக் காம்பு ஆறு துண்டாகி ஈரத் தோலுக்குள் போயிற்று. ஓடினாலும் ரவை விழக்கூடாது, ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் போடக்கூடாது, ஒற்றை விரலால் இழுத்தால் வந்துவிட வேண்டும் என்பது பத்ரோனின் சட்டம். மூன்றிலும் அப்பா தேறினார். கொந்த்ரா வந்தது, அட்டை வந்தது, பத்ரோனின் வேட்டைக் கூட்டாளிகளும் உறை கேட்டார்கள். அந்தப் பருவம் முழுவதும் அம்மா கறி கிண்டியது தேநீர்க் கரண்டியால்தான்.

அந்தக் கடை இப்போது இல்லை. அந்த இடத்தில் கைபேசிக்கு ரப்பர் உறை விற்கிறார்கள். என் அலுவலகத்தில் கார்தூஷ் என்றால் பிரிண்டருக்குப் போடுவது. புறநகரான வில்லியே லே பெல்லுக்குக் குடிபோன அம்மாவும் அப்பாவும் ஞாயிற்றுக்கிழமைகளில் மரக்கறி வாங்க லா சப்பலுக்கு ரயிலேறி வருவார்கள். போன கிழமை அந்தக் கடை வாசலைக் கடக்கும்போது அப்பாவிடம் கேட்டேன், நான் செய்த பிழையால் கொந்த்ராவே கைநழுவிப் போயிருக்குமே, ஏன் ஒரு சொல் ஏசவில்லை என்று.

அப்பா பையை மறுகைக்கு மாற்றினார்.

"ஏன் ஏசுறது? கார்தூஷ் எண்டால் உனக்கு மை, ரவை எண்டால் உப்புமா. அதுக்குத்தானே பிள்ளை உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தனாங்கள்."