ஆசிரியர் தினத்துக்கு ஆடிய ஜோகெட்

பள்ளியிலிருந்து வரும் கடிதம் எதுவானாலும் முழுதாகப் படிக்கும் முன்பே மகளைக் கூப்பிட்டு விசாரிக்கத் தொடங்கிவிடுவேன். அன்று வந்த கடிதப்படி மகள் எதையும் உடைத்திருக்கவில்லை, யாரையும் அடித்திருக்கவில்லை. ஆசிரியர் தினத்தில் பெற்றோர்கள் கணவன் மனைவியாக ஜோடி சேர்ந்து ஜோகெட் என்ற மலாய் நடனம் ஆட வேண்டுமாம். எதையாவது உடைத்திருந்தாலே தேவலை என்று நினைத்தேன்.

ஐந்தாம் ஆண்டில் படிக்கும் மகள் என்னைக் கேட்காமலேயே எங்கள் பெயரைக் கொடுத்துவிட்டாள். வகுப்பு முழுக்கச் சொல்லியும் ஆகிவிட்டது.

"மத்தவங்க அப்பா அம்மாலாம் ஸ்கூல் உள்ள வராங்க. நீங்கதான் கேட்டுக்கு வெளியிலயே நின்னுர்றீங்க," என்றாள்.

உண்மைதான். அவளைப் பதிவு செய்யக்கூட அவள் அப்பாவைத்தான் அனுப்பினேன். மந்தின் ஊர்ப்பக்கம் இருக்கும் அந்தப் பழைய தோட்டப்பள்ளியின் பெயரில் மட்டும் இன்னும் தோட்டம் இருக்கிறது; கட்டடம் தாமான் குடியிருப்புக்கு நடுவில் புதுசாக நிற்கிறது. எங்கே நின்றாலும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடம்தானே.

நான் படிப்பை விட்டது இரண்டாம் படிவத்தில், பதினான்கு வயதில். குடும்பக் கஷ்டம் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். கேட்பவர்களும் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். நடந்தது வேறு. பெடாஸ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி இடைநிலைப்பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த எனக்கு ஒருநாள் எழுந்து நின்று மலாய்ப் பாடம் வாசிக்க வேண்டி வந்தது. வாய் குழறியது. வகுப்பு சிரித்தது. மறுநாள் வயிற்றுவலி, அதற்கு மறுநாளும் வயிற்றுவலி. மூன்று மாதம் விடாமல் வலித்ததில் படிப்பே முடிந்துபோனது. இப்போது நாங்கள் மேடையில் சொதப்பினால், வருஷம் முடியும்வரை அந்த வகுப்பில் உட்கார வேண்டியவள் என் மகள். என் கவலை அதுதான். கால் சுளுக்குவது, மேடை இடிந்து விழுவது எல்லாம் அதற்கு அடுத்தபடி.

சனிக்கிழமை காலை பள்ளிக் கண்டீனில் பயிற்சி. ஐந்து ஜோடி வந்திருந்தோம். சொல்லிக்கொடுத்த உடற்கல்வி ஆசிரியருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அது அவர் பேச்சிலேயே தெரிந்தது. தொடாமல் ஆடும் ஆட்டம்தான், கணவரின் கண்ணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நெருங்கி வாருங்கள், அப்படியே விலகிப் போங்கள் என்றார். ஐந்து மனைவிகளும் தரையைப் பார்த்தோம். ஐந்து கணவர்களும் கைத்தொலைபேசியைப் பார்த்தார்கள். பதினாறு வருடத்தில் மோட்டார் சாவி எங்கே என்று கேட்கும்போது மட்டும்தான் என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்திருக்கிறார். கோயிலுக்குப் போனாலும் பத்தடி முன்னால் நடப்பவர். அவர் முதுகை எந்தக் கூட்டத்திலும் அடையாளம் காட்டுவேன். அவர் காதோரம் இருந்த மச்சம் எப்போது வந்தது என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

பாட்டு தொடங்கியதும் இருவரும் ஒரே நேரத்தில் முன்னால் வந்து முட்டிக்கொண்டோம். அவர் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். வலது இடது எதுவும் அவர் தலையில் ஏறவில்லை. கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். தோட்டத்துச் சேற்றில் லோரியைப் பின்னால் எடுக்கும்போது கூட இருக்கும் ஆள் குரல் கொடுப்பாரே, அதுமாதிரி நான் கொடுக்க வேண்டுமாம்.

"நீ கோஸ்டன்னு சொல்லு, நான் பின்னால போறேன். வா வான்னா முன்னால வரேன். அவ்ளோதான் லா."

எந்த மனைவிக்கும் இப்படியொரு காதல் வசனம் வாய்த்திருக்காது. ஆனால் வேலை செய்தது. மூன்று சனிக்கிழமைகள் நான் முணுமுணுக்க, அவர் சுமை ஏற்றிய லோரி மாதிரி அசைந்து அசைந்து போய் வந்தார். நன்றாக வருகிறது என்றார் ஆசிரியர். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பொய் சொல்ல எவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை விழாவில் ஒலிபெருக்கியை அலறவிட்டார்கள். என் முணுமுணுப்பு அவருக்குக் கேட்கவில்லை. முன்னால் வர வேண்டியவர் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு எட்டு வைத்தால் திரைச்சீலைக்குள் போய்விடுவார். வேறு வழியில்லாமல் கத்தினேன். அந்த நேரம் பார்த்துத்தான் பாட்டில் ஓர் இடைவெளி.

"ஏங்க, கோஸ்டன் போதும், வா வா!"

என் குரல் கடைசி வரிசைவரை போய்ச் சேர்ந்தது. பள்ளியே சிரித்தது. தலைமையாசிரியை கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் மட்டும், இப்போதுதான் ஒழுங்காகக் கேட்கிறது என்பதுபோல் திருப்தியாக முன்னால் வந்து ஆடி முடித்தார். நான் மகளைத் தேடினேன். முன்வரிசைத் தலைகள் மறைத்தன. வீட்டுக்கு வந்தும் அதைப்பற்றி அவளிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

திங்கட்கிழமை காலை அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை. வயிறு வலிக்கிறதா என்று நம்பிக்கையோடு கேட்டேன். இல்லையே என்று பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்று நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் பாதிப் பெட்டிகளுக்கு லேபிளைத் தலைகீழாக ஒட்டினேன்.

சாயங்காலம் சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டேன். "யாராச்சும் சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க. ரிசெஸ் நேரம் முழுக்க அப்பா மாதிரி நடந்து காட்டுனானுங்க."

"நீ என்னா பண்ண?"

"நானும்தான் சிரிச்சேன். அவனுங்களுக்கு அப்பா நடை வரலம்மா. நான்தான் சரியா செஞ்சு காட்டுனேன்," என்று தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் காரச் சம்பால் கேட்டாள்.

கூடச் சேர்ந்து சிரித்துவிடலாம் என்று இரண்டாம் படிவத்தில் எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், அதில் என்னென்ன ஆபத்து இருக்குமோ என்று மூன்று மாதம் யோசித்திருப்பேன்.