‘வெறுதே’ என்று ஒரு டிஸ்க்

தாஸ் இறந்த செய்தி எனக்கு வந்த விதத்தைக் கேட்டிருந்தால் அவரே சிரித்திருப்பார். வியாழக்கிழமை மதியம் ஷீபா சிஸ்டர் அழைத்தார். எங்கள் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவு பல வருடங்களாக அவர் பொறுப்பில்தான் இருக்கிறது. "முத்து, தாஸ் அண்ணன் போயி" என்றார். வியாழன் தாஸுக்கு டயாலிசிஸ் நாள். சீக்கிரம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து, "ஆட்டோ கிடைச்சிருச்சா?" என்று கேட்டேன். சிஸ்டர் அழ ஆரம்பித்த பிறகுதான் அது எந்தப் போதல் என்று விளங்கியது. மதுரைக்காரி நான். அதியன்னூருக்கு வாழ்க்கைப்பட்டு இத்தனை காலம் ஆகியும் ஒரு சாதாரணச் சொல்லில் இப்படி வழுக்கி விழுகிறேன்.

கிறிஸ்துதாஸை உங்களில் பலருக்குப் பல விதமாகத் தெரியும். பெருங்கடவிளைக்காரர்களுக்கு அவர், ரோட்டோரம் பைக்கை நிறுத்திவிட்டுப் போனில் யாருக்கோ ஒவ்வொரு எழுத்தாக எதையோ ஓதிக்கொண்டிருக்கும் மனிதர். சர்ச் பாடகர் குழுவினருக்கு, தாளம் தப்புவது தானல்ல, பாட்டுத்தான் என்று சாதிக்கும் தபேலாக்காரர். எனக்கு அவர் எதிர் நாற்காலி. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே இருக்கும் அந்த மருத்துவமனையில் கம்ப்யூட்டர் பிரிவென்றால் நாங்கள் இரண்டு பேர். அவர் யூனிக்ஸ் சர்வரைப் பார்ப்பார்; வார்டுகளில் இருக்கும் மற்ற எல்லாவற்றையும் நான் பார்ப்பேன். அடுத்தவர் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்று எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். அதனால்தான் சண்டையில்லாமல் இருந்தோம்.

சர்வர் இருந்தது பழைய துணி அறையில். ஜன்னல் கிடையாது. கதவுக்கு உள்பக்கம் கைப்பிடியும் கிடையாது. எப்போதோ கழன்று விழுந்ததை யாரும் மாட்டவில்லை. உள்ளே போகிறவர் கதவிடுக்கில் ஒரு மரக்கட்டையைச் செருகிவிட்டுப் போக வேண்டும். மறந்தால், வெளியே யாராவது நடந்து போகும்வரை தட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். தாஸ் இரண்டு தடவை இப்படி மாட்டிக்கொண்டார். கைப்பிடி கேட்டு எழுதிக் கொடுங்கள் என்றால், "நல்லதாக்கும். உள்ள இருந்தா யாரும் நம்மள விளிக்கமாட்டாவ" என்பார்.

அந்த சர்வரில் மூன்று டிஸ்க்குகள் இருந்தன. மூன்றையும் ஒன்றாகக் கலந்து ஒரே சேமிப்பாக்கி, அதிலிருந்து வேண்டிய அளவு பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு. லாஜிக்கல் வால்யூம் என்பார்கள். அதென்ன என்று ஒருமுறை கேட்டேன். "மூணு கிணத்து வெள்ளத்தையும் ஒரே டேங்கில ஏத்தியாச்சு. இனி பைப்பத் தொறந்து இது எந்தக் கிணத்து வெள்ளம்னு கேக்காதே" என்றார். வெள்ளம் என்றால் இங்கே தண்ணீர்தான் என்பது கல்யாணமான முதல் வாரமே தெரிந்துவிட்டதால் பிழைத்தேன். ஒரு கிணறு கெட்டுப்போனால் என்ன செய்வது என்றேன். "அப்போ நமக்கு உறக்கம் கெட்டுது" என்றார்.

ஒரு கிணறு கெட்டது. டிஸ்க்குகளில் ஒன்று படிக்கத் திணறத் தொடங்கியது. தாஸ் புதிய டிஸ்க் ஒன்றை வாங்கிக் கூட்டத்தில் சேர்த்து, கெட்டதில் இருப்பதையெல்லாம் புதியதற்கு நகர்த்தும் கட்டளையைக் கொடுத்தார். அதன் பெயர் பிவிமூவ். சாதாரணமாகச் சில மணி நேர வேலை. ஆனால் நோயாளி டிஸ்க் ஒவ்வொரு வரியையும் நாலு தடவை படித்துத்தான் விட்டுக்கொடுத்தது. நாளை மதியம் வரை ஆகும், அதன் பக்கம் யாரும் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மார்த்தாண்டத்தில் மனைவி வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பிப் போனார். அன்று இரவு யாரோ மறுநாள் ஹர்த்தால், முழு அடைப்பு என்று அறிவித்தார்கள். கேரளத்தில் இதெல்லாம் மழை மாதிரி, சொல்லிக்கொண்டு வராது.

மறுநாள் கல்லெறி தொடங்கும் முன்பே என் கணவர் ஸ்கூட்டரில் கொண்டு விட்டுவிட்டார். நான் உள்ளே நுழைந்து சற்று நேரத்தில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மாற்ற வேண்டும் என்று தாஸ் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன யூ.பி.எஸ். பேட்டரி அந்தக் கொஞ்ச நேரத்தைக்கூடத் தாங்கவில்லை. சர்வர் விழுந்தது. மறுபடி எழுந்தபோது பாதியில் நின்றுவிட்டது. கறுப்புத் திரை, அவசர நிலை என்று ஓர் ஆங்கில வரி, கீழே துடிக்கும் ஒரு கோடு. கெட்ட டிஸ்க் கண்ணையே திறக்கவில்லை. மருத்துவமனையின் பதிவுகளில் ஒரு பங்கு புதிய டிஸ்க்குக்கு வந்து சேர்ந்திருந்தது, ஒரு பங்கு இன்னும் அந்தக் கண் மூடியதற்குள் கிடந்தது.

டயாலிசிஸ் பிரிவில், ரோடு அடைவதற்குள் வந்துவிட வேண்டும் என்று ஜீப்பில் வந்து சேர்ந்த நோயாளிகள் படுத்திருந்தார்கள். கள்ளிக்காட்டிலிருந்து வந்த சரோஜம் அக்காவுக்கு மூச்சு வாங்கியது. முகமெல்லாம் நீர் கோத்திருந்தது. ஒவ்வொருவருக்கும் உடம்பிலிருந்து எவ்வளவு நீரை இழுக்க வேண்டும், போன தடவை டயாலிசிஸ் முடிந்து இறங்கியபோது எடை எவ்வளவு, மருந்தில் டாக்டர் என்ன மாற்றினார் என்பதெல்லாம் சர்வரில் இருந்தது. காகிதத்தை நிறுத்தி வெகுநாள் ஆகியிருந்தது. நகல் இருந்தது, ஆனால் அது போன ஞாயிற்றுக்கிழமையது. அதற்குப் பிறகு டாக்டர் பாதிப் பேருக்கு அளவுகளை மாற்றியிருந்தார். அந்த டாக்டர் திருவனந்தபுரத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் வேறொரு கேஸோடு அங்கேதான் போயிருந்தது. கணக்குத் தெரியாமல் நான் யாருக்கும் ஊசி குத்தமாட்டேன் என்றார் ஷீபா சிஸ்டர். அவர் சொன்னது சரிதான்.

சர்வர் விற்ற கம்பெனிக்காரர் போனில் சுலபமாக ஒரு வழி சொன்னார். காணாமல் போன டிஸ்க்கைக் கூட்டத்திலிருந்து நீக்கிவிடுங்கள், ஒரே கட்டளை, மருத்துவமனை உடனே எழுந்துவிடும் என்றார். நிர்வாக அதிகாரிக்கு 'உடனே' என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. செய்யுங்கள் மேடம் என்று என் தலைக்கு மேல் நின்றார். நான் தாஸை அழைத்தேன்.

அவர் களியக்காவிளையில் நின்றார். தமிழ்நாட்டு பஸ் எல்லையோடு எல்லாரையும் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டது. இங்கிருந்து போகிற வண்டி எதுவும் ஓடவில்லை. "நான் நடந்து வாறேன், முத்து" என்றார். மூச்சு இரைத்தது. துணி அறைக்குள் சிக்னல் கிடைக்காது, வாசலில்தான் கிடைக்கும். எனவே ஷீபா சிஸ்டர் போனைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். அவர் கேட்டதை உரக்கச் சொல்ல, நான் உள்ளே தட்டச்சு செய்தேன். கம்பெனிக்காரர் சொன்ன யோசனையைச் சொன்னதும் தாஸின் குரல் ஸ்பீக்கரிலேயே எங்களுக்குக் கேட்டது.

"பாதி அங்கயும் பாதி இங்கயும் கெடக்கும்போ ஒரு பக்கத்தையும் புடுங்காதே. அத அடிச்சா சர்வரு எழும்பும். உள்ள ஒண்ணும் இருக்காது."

நிர்வாக அதிகாரி விடவில்லை. எனக்குக் கோபம் வந்தால் மதுரை வந்துவிடும். நாற்காலியை விட்டு எழுந்து, நீங்களே உட்கார்ந்து அடிங்க சார் என்றேன். அவர் உட்காரவில்லை. வாசலைப் பார்த்து நடந்துவிட்டார்.

சர்வரை முழுக்க அணைத்து, கெட்ட டிஸ்க்கை உருவி, சூடு ஆறும்வரை வெளியே வைத்து, வேறு துளையில் மாட்டிப் பார்க்கச் சொன்னார் தாஸ். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். "கைக்குச் சூடு தெரியாம ஆவுறது வரைக்கும். மெஷினுக்கு அவசரம் கெடையாது, நமக்காக்கும் அவசரம்" என்றார். டிஸ்க்கை ஏ.சி.க்கு அடியில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். நடைக்கு அப்பாலிருந்து சரோஜம் அக்காவின் இருமல் கேட்டது. முன்னே போக வழியில்லை, பின்னே போகவும் இல்லை. அந்த அறையையும், ஹர்த்தாலையும், என்னை இந்த ஊரில் கட்டிக்கொடுத்த என் அப்பாவையும் ஒன்றுவிடாமல் சபித்தேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் மதுரைக்கே திரும்பிவிடுவது என்று நான் முடிவெடுப்பது வீட்டிலும் ஆபீஸிலும் எல்லாருக்கும் தெரியும். அன்று பொங்கல் வரவில்லை, ஆனாலும் முடிவெடுத்தேன்.

மாட்டி எழுப்பியபோது மறுபடி அதே கறுப்புத் திரைதான். ஆனால் இந்தத் தடவை எல்லா டிஸ்க்குகளும் பட்டியலில் இருந்தன. கெட்டது முனகிக்கொண்டாவது விழித்திருந்தது. முதலில் கூட்டத்தை எழுப்பும் கட்டளையைச் சொன்னார்; அடித்தேன். அடுத்து ஷீபா சிஸ்டர் வாசலிலிருந்து கத்தினார்.

"பிவிமூவ் வெறுதே அடிக்கச் சொல்லுகாரு."

ஒரு எழுத்து பிசகக் கூடாது என்று, பிவிமூவ் அடித்து, இடம் விட்டு, ஆங்கில எழுத்துகளில் வெறுதே என்றும் அடித்து, என்டரைத் தட்டினேன். மெஷின் மரியாதையாகப் பதில் சொன்னது. அதை நானும் உரக்கச் சொன்னேன்: "வெறுதேங்கிற பேர்ல டிஸ்க்கே இல்லைன்னு சொல்லுது, சிஸ்டர்."

போனுக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. பாறசாலை ரோட்டில், வெயிலில், ஆளில்லாத கடைகளுக்கு நடுவே நின்று அந்த மனிதர் சிரித்த சிரிப்பு ஸ்பீக்கர் கிழியும் அளவுக்குக் கேட்டது. ஷீபா சிஸ்டர் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேவிட்டார். எனக்கு அழுகை வந்தது.

"மக்கா, வெறுதேன்னா சும்மா. ஒண்ணும் சேக்காம அந்த ஒத்த வார்த்தய மட்டும் அடி. எங்க நின்னுதுன்னு அதுக்குத் தெரியும்."

சும்மா அடித்தேன். அதற்குத் தெரிந்திருந்தது. விட்ட இடத்திலிருந்து எண்கள் நகர ஆரம்பித்தன. அது ஒரு பக்கம் நகர்ந்துகொண்டிருக்க, பதிவுகள் திறந்தன. ஷீபா சிஸ்டர் என் போனையும் கையில் வைத்துக்கொண்டே ஓடினார். முதல் ஊசி சரோஜம் அக்காவுக்கு. அடுத்த ஓணத்துக்கு அவர் எங்களுக்கு ஒரு பை நிறைய நேந்திரங்காய் உப்பேரி வறுத்துக் கொண்டுவந்தார், தான் தின்னக் கூடாது என்று டாக்டர் விலக்கிய பண்டம்.

தாஸ் வந்து சேர்ந்தபோது அறுந்த செருப்பு ஒரு கையில் இருந்தது. மறு கையில் மாமியார் கொடுத்துவிட்ட அவித்த மரச்சீனிக் கிழங்கு. எண்கள் முடியும்வரை திரைக்கு முன்னால் உட்கார்ந்து அதைத் தின்றோம். கெட்ட டிஸ்க்கில் ஒன்றுமில்லை என்று உறுதியான பிறகே அதைக் கழற்றினார். மார்க்கர் பேனாவால் அதன் முதுகில் 'வெறுதே' என்று எழுதி என் மேசையில் வைத்தார். "இன்னா பிடி, நீ தேடின டிஸ்க்கு" என்றார்.

தன் சர்க்கரை நோயை அவர் கவனிக்கவேயில்லை. மற்றவர் டிஸ்க்குக்கு அத்தனை பொறுமை காட்டியவர், தன் உடம்பு கொடுத்த எச்சரிக்கை ஒன்றையும் படிக்கவில்லை. அதற்காக அவர்மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. சிறுநீரகம் கைவிட்டபோது அதே டயாலிசிஸ் பிரிவில், வாரத்தில் மூன்று நாள், சரோஜம் அக்காவுக்கு இரண்டு கட்டில் தள்ளிப் படுத்தார். மற்ற நாட்களில் வேலைக்கும் வந்தார். "இப்போ மனசிலாவுது, முத்து" என்றார் ஒருநாள், கையில் குழாய்கள் ஓட. "பாதியில நிறுத்த முடியாது. முடிஞ்சுதுன்னு எழும்பவும் முடியாது." அவரே பேச்சை மாற்றினார். நான் மதுரைக்குத் திரும்பும் முடிவு இந்தப் பொங்கலுக்கு உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். "நீயும் பாதிதான் இஞ்ச வந்திருக்க. ஒரு பக்கத்தையும் புடுங்காதே. பைய வா" என்றார்.

அவரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் சர்வர் பற்றி ஏதாவது ஒரு கேள்வியோடுதான் போவேன். கட்டிலில் கிடப்பவர் முன்னால் வெறும் கையோடு போய் நிற்க எனக்குத் தெரியாது. அவரும் ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொல்வார். ஒருநாள் பாதியில் நிறுத்தி, இதற்கு விடை உனக்கே தெரியும், சும்மா பார்க்க வந்தேன் என்று சொன்னால் குறைந்தா போய்விடும் என்று கேட்டார். மாட்டிக்கொண்டேன். அவர் பாஷையிலேயே சொல்லிவிடுவோம் என்று, "வெறுத்தே வந்தேன்" என்றேன்.

"வெறுத்துட்டாக்கும் வந்தது?" என்றார். "சரி, வந்தாச்சுல்லா. இரி." மெஷின் அலாரம் அடிக்கும் அளவுக்குச் சிரித்தார். ஷீபா சிஸ்டர் வந்து என்னைத்தான் திட்டினார். அதன்பிறகு நான் போய் நின்றாலே, இன்று வெறுத்தா வெறுதேயா என்று கேட்பார். வீட்டில் மனைவியிடமும் இதைச் சொல்லிச் சிரித்தாராம். நான் எத்தனை முயன்றாலும் என் நாக்கு அந்த 'தே'யில் அழுத்திவிடும்.

அவரை அடக்கம் செய்து ஒரு வாரம் கழித்துப் பெருங்கடவிளைக்குப் போனேன். கிளம்பும்போது ஆபீஸில் அவருக்குச் சேர வேண்டிய காகிதங்கள் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன், கையில் ஒரு காரணம் இருக்கட்டுமே என்று. எல்லாவற்றையும் ஏற்கெனவே அனுப்பியிருந்தார்கள். மேசையில் அந்த டிஸ்க் மட்டும் இருந்தது. அதைக் கொண்டுபோகவில்லை, அது எனக்குக் கொடுத்தது.

தாஸின் மனைவி ஸ்டெல்லா அக்கா கதவைத் திறந்தார். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. நல்ல வெயிலில் பஸ் பிடித்து வந்திருக்கிறேனே என்று அவருக்குக் கவலை. "என்ன முத்து, வல்ல பேப்பர்லயும் ஒப்பு போடணுமா?" என்று, ஏதோ கையெழுத்து வாங்க வந்திருப்பதாக நினைத்துக் கேட்டார்.

"ஒண்ணுமில்லக்கா. வெறுதே வந்தேன்."

அவர் என் கையைப் பிடித்தார்.

"சரியாட்டுச் சொல்லிட்டியே, மக்கா" என்றார்.