கையை ஒளித்த படம்

மேல்நிலைப் பள்ளியில் ஓவிய வரலாறு நடத்தும் வாத்தியாருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘இருட்டு சார்’. ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டுத்தான் அவர் சுவரில் படம் காட்டுவார். வரைந்தவர் பெயரை மறைத்துவிடுவார். “யாரு வரஞ்சதுன்னு பாக்காதீங்க, என்ன வரஞ்சிருக்குன்னு பாருங்க. தயவு தாட்சண்யமே கூடாது” என்பார். இந்த ஒன்றை மட்டும் பிள்ளைகள் கரைத்துக் குடித்திருந்தார்கள்.

அன்று பெரிய பெரிய ஓவியர்களுக்கு நடுவே, தன் மனைவியை உட்காரவைத்துத் தானே வரைந்த படத்தையும் நைசாகச் சொருகியிருந்தார். இத்தனை வருஷத்தில் வெளியே காட்டத் துணிந்த ஒரே படம் அது. அது சுவரில் விழுந்ததும், “இது எப்படி?” என்றார்.

முன்வரிசையில் இருந்த அவருடைய செல்ல மாணவி எழுந்தாள். “விரல் வரைய வரல சார். அதான் ரெண்டு கையையும் சால்வைக்குள்ள ஒளிச்சு வச்சிட்டாரு.”

“அப்புறம்?”

“நிழலெல்லாம் வேற யார்கிட்டயோ சுட்டது. பாவம், ரொம்ப மெனக்கெட்டிருக்காரு. ஆனா சரக்கு இல்ல சார்.”

வகுப்பே கொல்லென்று சிரித்தது. இருட்டாக இருந்ததால் அவர் முகம் தப்பித்தது. அவள் சொன்னது அத்தனையும் சரி. முழு மதிப்பெண் போட்டார்.

வீட்டு வாசலிலேயே மனைவி பிடித்துக்கொண்டாள். அந்தப் படத்துக்காகக் கழுத்து வலியோடு மாதக்கணக்கில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தவள். “என் படத்தக் காட்டுனீங்களா? புள்ளைங்க என்ன சொன்னாங்க?”

அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “வரஞ்ச விதம் பிரமாதமாம். மூஞ்சிதான் சகிக்கலையாம்.”